விண்ணில் ஒரு வீடு

காஞ்சிபுரம் மாவட்டத்தில், வாலாசாபாத்துக்கு அருகே, தென்னேரி என்னும் ஊர் உள்ளது. ஊருக்குப் பெயர் தந்தது அங்குள்ள ஏரியே. தொண்டை நாட்டை ஆண்ட திரையன் பெயரால் திரையனேரி என வழங்கிய நீர்நிலை நாளடைவில் தென்னேரி என மருவிற்று என்று அறிஞர் கூறுவர். நல்ல மழை பெய்த ஆண்டில் அதன் நீர்ப்பரப்பு கண்ணுக்கெட்டிய தொலைவு விரிந்து கிடக்கும். பகலில் கொக்கும் நாரையும் அங்குக் காட்சிப்பொருள். இரவில் வானமே காட்சிப்பொருள். மரமும் மாடமும் மறைக்காத அந்த வெளியில் விண்மீன் கூட்டம் நீரின் விளிம்பு வரையில் இறங்கி வந்து நிற்கும். வானநூல் பயில்வோர் இத்தகைய இடத்தை நாடி மலையேறிச் செல்வர். ஏரிக்கரை ஊரார்க்கோ அது வீட்டு வாயிலிலேயே வாய்த்துள்ளது.

அந்தி மயங்கி, முதல் விண்மீன்கள் தோன்றும் வேளையில், சில நாள்களில் ஒரு புதுமையை அங்குக் காணலாம். வடமேற்கிலோ தென்மேற்கிலோ ஓர் ஒளிப்புள்ளி எழும். வெள்ளி என்னும் கோளைப் போல அது பொலியும். ஆனால் ஓரிடத்தில் நில்லாது. விமானத்தைப்போல் ஒலி செய்யாது. சிவப்பும் பச்சையுமாகக் கண் சிமிட்டாது. எரிமீனைப்போல் நொடியில் கீறி மறையாது. சீரான நடையில் வானத்தின் மேலேறி, ஐந்தாறு நிமிடங்களில் கீழ்த்திசை நோக்கி இறங்கும். இறங்கும் வழியிலேயே, மேகம் ஒன்றும் இல்லாத வெளியில், ஒளி மங்கிச் சிவந்து திடீரென மறைந்துவிடும். காண்பார் திகைப்பர். அஃது எங்கும் போய்விடவில்லை. நிலவுலகத்தின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது, அவ்வளவே.

அந்த ஒளிப்புள்ளி மனிதர் வாழும் வீடு. பன்னாட்டு விண்வெளி நிலையம் என்பது அதன் பெயர். 1998 நவம்பர் 20-ஆம் நாள் அதன் முதற் பகுதி விண்ணிற் செலுத்தப்பட்டது. பின்னர் அமெரிக்கா, உருசியா, சப்பான், கனடா, ஐரோப்பிய நாடுகள் ஆகியவை ஒவ்வொரு பகுதியாகக் கொண்டு சென்று இணைத்தன. 2000 நவம்பர் 2-ஆம் நாள் முதற் குடியினர் மூவர் அதனுள் புகுந்தனர். அன்று ஏற்றிய விளக்கு அணைந்ததில்லை. 2025 நவம்பரில் அந்தத் தொடர் வாழ்வுக்குக் கால் நூற்றாண்டு நிறைந்தது. அதன் நீளம் 109 மீட்டர். காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்கு இராசகோபுரத்தை அண்ணாந்து பார்த்தவர்க்கு ஓர் ஒப்புமை கூறலாம்: ஏறத்தாழ 190 அடி உயரமுடைய அக்கோபுரம் இரண்டினை ஒன்றன்பின் ஒன்றாகக் கிடத்தினால் எவ்வளவு நீளமோ, ஏறக்குறைய அவ்வளவு. எடையோ 420 டன் அளவினது. இத்துணைப் பெரும்பொருள் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் பறக்கின்றது. சென்னைக்கும் காஞ்சிக்கும் இடைப்பட்ட தொலைவைக் கடக்க அதற்குப் பத்து நொடி போதும். உயரம் மட்டும் பலர் எண்ணுவதினும் மிகக் குறைவு. தலைக்கு மேலே ஏறத்தாழ 400 கிலோமீட்டர். சாலை வழியே தென்னேரியினின்று மதுரை செல்லும் தொலைவு எனலாம்.

இவ்வளவு அருகில் இருப்பது கீழே விழாதது ஏன்? அங்கே புவியீர்ப்பு இல்லை என்று நாளிதழ்கள் அவ்வப்போது எழுதுவது பிழை. தரையில் உள்ள ஈர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு அங்கும் உண்டு. ஏரிக்கரைமேல் நின்று ஒரு சிறுவன் கல்லெறிகின்றான் என்க. கல் சிறிது தொலைவு சென்று வளைந்து நீரில் விழும். இன்னும் விரைவாக எறிந்தால் இன்னும் தொலைவில் விழும். விரைவு மேன்மேலும் கூடுமானால், கல் வளைந்து விழும் அளவுக்கு உருண்டையான நிலமும் வளைந்து விலகும் ஒரு நிலை வரும், அப்போது கல் விழுந்துகொண்டே இருக்கும், தரையைத் தொடாது. விண்வெளி நிலையம் அவ்வாறு எறியப்பட்ட கல். அதன் உள்ளிருப்போரும் அதனோடு சேர்ந்து விழுந்துகொண்டே இருப்பதால்தான் எடையற்று மிதக்கின்றனர்.

ஒருமுறை நிலவுலகைச் சுற்றிவர அதற்கு 93 நிமிடங்கள் ஆகும். நாளொன்றுக்குப் பதினைந்து சுற்றுக்கும் மேல். ஆயினும் ஒவ்வொரு சுற்றிலும் அது தென்னேரிக்கு மேல் வருவதில்லை. காரணத்தைக் காஞ்சி நெசவாளரிடம் கேட்டால் எளிதில் விளங்கும். தறியில் நாடா ஒருமுறை ஓடி ஊடிழையை இட்டதும், துணி சிறிது நகர்ந்துவிடுகின்றது. அடுத்த இழை முன்னதன் மேல் விழாது அதன் அருகில் விழுகின்றது. நிலையம் நாடா, சுழலும் நிலவுலகம் நகரும் துணி. ஒரு சுற்று முடிவதற்குள் நிலம் 23 பாகை கிழக்கே திரும்பிவிடுவதால், அடுத்த இழை நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் மேற்கே தள்ளி விழும். இவ்வளவு இடைவெளிவிட்டு ஓடும் நெசவைப் பட்டு நெய்வோர் நெசவென்றே ஒப்பார். ஆயினும் பல நாள் ஓட்டத்தில் அது பெரும்பாலான நாடுகளின்மேல் இழையோட்டி விடுகின்றது.

மேலே வந்தாலும் எல்லா வேளையிலும் அது கண்ணுக்குத் தோன்றாது. அதற்குத் தானே ஒளிரும் இயல்பு இல்லை. ஞாயிற்றின் ஒளியை வாங்கித் திருப்பி அனுப்புவதே அதன் பொலிவு. பகலில் வானம் வெளுத்திருப்பதால் அது தோன்றாது. நள்ளிரவில் அதுவும் நிழலில் கிடக்கும். தரையில் இருள் கவிந்தும், 400 கிலோமீட்டர் உயரத்தில் இன்னும் வெயில் காய்ந்துகொண்டும் இருக்கும் இடைவேளை ஒன்றுண்டு. தமிழ்நாட்டில் ஞாயிறு மறைந்தபின் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் தலைக்கு நேர் மேலே அந்த வெயில் நிலைக்கும். விடியலுக்கு முன்னும் அவ்வாறே. அந்த இடைவேளையில் நிலையத்தின் வழி ஏரிக்கு மேலாக அமைதல் வேண்டும். மேகமும் இருத்தல் ஆகாது. அது சுற்றும் வட்டமும் நாள்தோறும் சிறிது மேற்கே திரும்புகின்றமையின், சில மாலைகள் தொடர்ந்து தோன்றும். பின்பு பல நாள் தோன்றாது. அதன்பின் வைகறையில் தோன்றும். எந்த நாளில், எந்த நிமிடத்தில், எந்தத் திசையில் என்பதைக் கணக்கிட்டு முன்கூட்டியே வெளியிடுகின்றனர். அந்தக் கணக்கு நிமிடம் பிசகுவதில்லை.

இவ்வாறு மனிதன் ஏற்றிய விளக்கு ஒழுங்கற்றதுபோல் வந்து போக, இயற்கை ஏற்றிய விளக்குகள் மாதந்தோறும் முறை தவறாது வருகின்றன. விண்மீன் ஒவ்வொன்றும் நாள்தோறும் நான்கு நிமிடம் முந்தி உதிக்கும். ஒரு மாதத்தில் அஃது இரண்டு மணி நேரம் ஆகும். ஆகவே மாதம் ஒருமுறை, அமாவாசையை ஒட்டிய ஒரே நேரத்தில் கரைமேல் வந்து நிற்பவர், வானம் ஓர் இராசியளவு மேற்கே நகர்ந்திருக்கக் காண்பர். பன்னிரண்டு முறை வந்தால் ஓராண்டின் வானம் முழுவதும் கண்முன் சென்றுவிடும்.

தமிழர் இதனைத் தம் மாதப் பெயர்களிலேயே பொதிந்து வைத்துள்ளனர். சித்திரை, கார்த்திகை என்பன விண்மீன்களின் பெயர்கள். மாசிக்கு மகமும், தைக்குப் பூசமும், பங்குனிக்கு உத்திரமும் உரியன. அந்தந்த மாதத்து முழுநிலா அந்தந்த விண்மீனை அடுத்து நிற்கும் என்பதே இப்பெயர்களின் கருத்து. முழுநிலா ஞாயிறு மறையும்போது எழுவதாகலின், கார்த்திகைத் திருநாளின் அந்தியில் அறுமீன் கூட்டம் கீழ்வானில் எழும். வீடுதோறும் அகல் ஏற்றும் அம்மாலையில் அகலை மட்டும் பார்த்து, அதற்குப் பெயர் தந்த விண்மீனைப் பாராது கதவடைத்து உறங்குவோரே பலர். இது பெருங் குறை.

மாசி மாத அமாவாசையில் இரவு எட்டு மணிக்குக் கரையேறினால், வேட்டுவன் என்னும் கூட்டம் உச்சியில் நிற்கும். அதன் தோளில் செந்நிறமாய் விளங்குவது திருவாதிரை. தெற்கே, நீருக்கு மேல் 25 பாகை உயரத்தில் தனித்து ஒளிர்வது அகத்திய மீன். வடநாட்டில் இமயச் சாரலில் இருப்போர்க்கு அது தொடுவானத்தில் தவழும் மீன். தென்னாட்டார்க்கு நன்கு மேலேறி நிற்கும் மீன். வைகாசியில் அதே வேளையில் வடக்கே ஏழு முனிவரும் தெற்கே திரிசங்கு எனப்படும் சிலுவைக் கூட்டமும் ஒருங்கே தோன்றும். இலண்டன் நகரத்தார் பின்னதை ஒருநாளும் காணார். ஆசுத்திரேலியாவின் தென்கோடியில் வாழ்வோர் முன்னதை முழுமையாகக் காணார். இரண்டையும் ஒரே கரையில் நின்று காணும் பேறு காஞ்சி நாட்டுக்கு உண்டு. வடமீனோ தொடுவானத்துக்கு மேல் 13 பாகை உயரத்தில் அடங்கி நிற்கும்; அந்த உயரமே ஊரின் அகலாங்கு ஆகும். ஆவணியில் கேட்டை சிவந்து தென்மேற்கில் சாய, பால்வீதி தலைக்கு மேல் வெண்புகை போல ஓடும்.

வானத்தை நூலிற் கண்டால் போதாது, கண்ணாற் காணவேண்டும் என்று வற்புறுத்திய தமிழ்நாட்டு வானியலார் ஒருவரை இங்கு நினைத்தல் தகும். அவர் சிந்தாமணி இரகுநாதாசாரியார். பஞ்சாங்கம் கணிக்கும் குடியிற் பிறந்த அவர், 1792-இல் நுங்கம்பாக்கத்தில் நிறுவப்பட்ட சென்னை வான்காட்சி நிலையத்தில் எளிய பணியாளராகச் சேர்ந்து, முதல் உதவியாளராக உயர்ந்தார். 1867-இல் தென் வானில், அகத்திய மீனுக்கும் தெற்கே, ஒளி கூடியும் குறைந்தும் தோன்றும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874 டிசம்பரில் வெள்ளிக்கோள் ஞாயிற்றின் முகத்தைக் கடந்து சென்றது. அதனை மக்கள் அஞ்சாது அறிந்து நோக்கும்பொருட்டுத் தமிழ் முதலிய நாட்டு மொழிகளில் விளக்க நூல் வெளியிட்டார். பழைய வாய்பாட்டை மட்டும் நம்பிக் கணித்த பஞ்சாங்கம் வானத்தோடு ஒத்துவரவில்லை எனின், திருத்தப்பட வேண்டியது பஞ்சாங்கமே என்பது அவர் கொள்கை. திருக்கணித முறையிற் பஞ்சாங்கமும் வெளியிட்டார். வழிவழி வந்த கணக்கைத் தொடுவது எளிதன்று. மதிப்புக்கும் பிழைப்புக்கும் ஊறு வரலாம். அவர் அதற்கு அஞ்சவில்லை. தை முதல் நாளில் ஞாயிறு வடக்கே திரும்புவதாகச் சொல்வர். உண்மையில் அது டிசம்பர் 21, 22 அளவிலேயே திரும்பிவிடுகின்றது. மாலைதோறும் ஞாயிறு மறையும் இடத்தை ஏரியின் எதிர்க்கரை மரங்களோடு ஒப்பிட்டுக் குறித்துவரும் சிறுவனும் இதனைத் தானே கண்டுகொள்ளலாம்.

இனி, அந்த விண்வீட்டினுள் நடப்பன யாவை? நாளொன்றில் பதினாறு முறை ஞாயிறு எழுந்து மறைவதால், அங்குள்ளார்க்குக் கடிகாரமே காலை மாலை காட்டுகின்றது. உறங்குவோர் தம்மைப் பையிலிட்டுச் சுவரோடு கட்டிக்கொள்கின்றனர். சூடான காற்று அங்கு மேலெழாது. மேல் என்பதே அங்கு இல்லையன்றோ? எனவே விசிறிகள் ஓயாது சுழலவேண்டும். இல்லையேல் உறங்குவோர் விட்ட மூச்சு அவர்தம் முகத்தைச் சூழ்ந்து நின்றே தீங்கு செய்யும். மெழுகுவத்தியின் சுடர் கூர்மையாக நீளாது, நீல உருண்டையாக நிற்கும். எடை தாங்கும் வேலை இன்மையால் எலும்பு தேய்கின்றது. மாதந்தோறும் இடுப்பெலும்பில் நூற்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையக்கூடும். அதைத் தடுக்க நாள்தோறும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கின்றனர்.

நீரைப் போற்றும் முறை வியப்பை ஊட்டுவது. வியர்வை, மூச்சின் ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் தூய்மை செய்து மீண்டும் குடிநீராக்குகின்றனர். 2023-இல் நூற்றுக்கு 98 பங்கு நீரை மீட்கும் நிலை எய்தப்பட்டது. அதே நீரை மின்னாற் பிரித்து உயிர்வளி பெறுகின்றனர். கேட்பார் சிலர் முகஞ்சுளிப்பர். ஆனால் மழைநீரைத் தேக்கி மடைவழியே அளந்துவிட்ட தொண்டை நாட்டார்க்கு இக்கருத்து அயலானதன்று. இதே மாவட்டத்து உத்தரமேரூரில், ஏரியைப் பேணுதற்கென்றே ஏரி வாரியம் அமைத்ததைப் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு கூறுகின்றது. விண்வெளி நிலையத்தில் ஏரியும் வாரியமும் ஒரு பேழைக்குள் அடங்கிவிட்டன.

இத்தகைய வீட்டில் முதலில் தங்கிய இந்தியர் இராகேசு சர்மா. 1984 ஏப்பிரல் 3-ஆம் நாள் புறப்பட்டு, சோவியத்து நாட்டின் சல்யூத்து-7 நிலையத்தில் தங்கி, இந்திய நிலப்பரப்பைப் படம் எடுத்தார். எடையற்ற நிலையில் யோகப் பயிற்சி செய்து உடலின் மாறுதலை ஆராய்ந்தார். அவருக்குப்பின் இந்தியர் ஒருவர் விண்வெளி நிலையம் சேர 41 ஆண்டுகள் ஆயின. 2025 சூன் 25-ஆம் நாள் புறப்பட்ட சுபான்சு சுக்லா மறுநாள் பன்னாட்டு நிலையத்தை அடைந்தார். வெந்தயமும் பச்சைப்பயறும் அங்கு முளைவிடுமாறு செய்தார். நுண்பாசிகளையும் தசை உயிரணுக்களையும் ஆராய்ந்தார். வானொலி வாயிலாக இந்திய மாணவரோடு உரையாடினார். சூலை 15-ஆம் நாள் கடலில் இறங்கி மீண்டார். அடுக்களைச் சாடியில் கிடக்கும் வெந்தயம் அத்துணைத் தொலைவு சென்றது சிறு செய்திபோல் தோன்றும். ஆனால் நெடுந்தொலைவு செல்வோர் தம் உணவைத் தாமே விளைத்துக்கொள்ள வேண்டிய நாள் வரின், அச்சிறு முளைகள் பெரிதாக எண்ணப்படும்.

விண்வாழ்வு வேடிக்கை அன்று. 1971-இல் விண்ணிற் சென்ற சல்யூத்து-1 என்பதே உலகின் முதல் விண்வெளி நிலையம். அதில் 23 நாள் தங்கிய தொபரவோல்சுக்கி, வோல்க்கோவு, பத்சாயேவு என்னும் மூவர் மகிழ்ச்சியோடு திரும்பினர். இறங்கும் கலத்தில் ஒரு சிறு அடைப்பான் காலத்துக்கு முன்னே திறந்துகொண்டது. காற்று வெளியேறிற்று. கலம் பழுதின்றித் தரையில் இறங்கியது. உள்ளே மூவரும் உயிரற்றுக் கிடந்தனர். அவர்கள் காற்றழுத்த உடை அணிந்திருக்கவில்லை. அதன்பின்னரே, ஏறும்போதும் இறங்கும்போதும் அவ்வுடை அணிதல் கட்டாயமாயிற்று. இன்று ஒவ்வொருவரும் அணியும் அந்த உடையில் அம்மூவரின் மரணம் தைக்கப்பட்டுள்ளது.

அமெரிக்கர் 1973-இல் ஏற்றிய சுகைலாபு என்னும் நிலையம் 1979 சூலை 11-ஆம் நாள் வீழ்ந்தபோது, அது தம் தலைமேல் விழுமோ என்று இந்திய மக்கள் பலர் அஞ்சினர். அதன் சிதறல்கள் இந்தியப் பெருங்கடலிலும் ஆசுத்திரேலியாவின் மேற்குப் பகுதியிலும் விழுந்தன. அந்த அச்சத்துக்கு அறியாமை மட்டுமே காரணம் என்று நகைத்தல் முறையாகாது. எங்கு விழும் என்பதை ஏற்றியவரே உறுதியாகச் சொல்ல இயலாத நிலை அன்று இருந்தது. இப்போதைய பன்னாட்டு நிலையத்தின் முடிவு முன்னரே திட்டமிடப்பட்டுள்ளது. 2030-ஐ ஒட்டி அதன் பணியை நிறுத்தி, தனிக் கலம் ஒன்றால் தள்ளி, ஆளற்ற பெருங்கடற் பகுதியில் இறக்கக் கருதியுள்ளனர். சீனர் அமைத்த தியாங்கோங்கு என்னும் நிலையமும் 2021 முதல் வானில் உள்ளது. அதுவும் தமிழ்நாட்டின் மேல் தோன்றுவதுண்டு. இந்தியா தனக்கென ஒரு நிலையத்தை 2035-க்குள் அமைக்கத் திட்டமிட்டுள்ளது.

நிலையத்தைக் காணத் தொலைநோக்கி வேண்டா, வெறுங்கண் போதும். விண்மீன்களுக்குத்தான் இருள் வேண்டும். அவ்விருள் ஆண்டுதோறும் அருகிவருகின்றது. சவ்வாது மலையில் காவலூரை 1960-களில் வேணு பாப்பு தேர்ந்தெடுத்தது அங்கிருந்த இருளுக்காகவும், தென் வானம் நன்கு தெரிவதற்காகவுமே. 1986 முதல் அங்கு 2.3 மீட்டர் அகலமுள்ள ஆடியுடன் பெருந்தொலைநோக்கி இயங்கி வருகின்றது. சமவெளி ஊர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தொழிற்சாலைகளும் நெடுஞ்சாலைகளும் பெருகிய காஞ்சி மாவட்டத்தில், கிழக்கு வானம் நள்ளிரவிலும் வெளிறி நிற்கின்றது. தொழில் வேண்டாம் என்று யாரும் கூறார். ஆனால் விளக்கின் ஒளி தெருவில் விழாது வானத்தை நோக்கிப் போவது எவர்க்கும் பயனில்லாத செலவு. விளக்கின் தலைமேல் ஒரு மூடி இட்டால் தெரு வெளிச்சமாகும், பால்வீதியும் பிழைக்கும்.

கரைமேல் நின்று காண்போர் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுதல் நன்று. நாள், மணி, நிலையம் எழுந்த திசை, எட்டிய உயரம் ஆகியவற்றை அதில் எழுதவேண்டும். உயரத்தை அளக்கக் கருவி தேவையில்லை. கையை நீட்டி முட்டியைப் பிடித்தால் அதன் அகலம் பத்துப் பாகை. எல்லாவற்றினும் இன்றியமையாத குறிப்பு ஒன்று: நிலையம் நிழலுக்குள் மறைந்த நொடியில் அதற்கு அருகில் நின்ற விண்மீன் எது? அதன் பெயர் தெரியாவிடின் படம் வரைந்து வைக்கலாம். அடுத்த அமாவாசைக்குள் பெயரைக் கண்டுபிடித்து எழுதிவிடலாம்.